கப்பல் தளத்திலிருந்து விமான இருக்கை வரை: செட்டிநாட்டுப் பயணிகளுக்குக் கிடைத்த இடம்

நெடுந்தூர விமானத்தின் சிக்கன வகுப்பில் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் இன்று அங்குலக் கணக்கில் சொல்லப்படுகிறது. முப்பது அங்குலமா, முப்பத்திரண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே விசாரிப்பவர்கள் உண்டு. ஆனால் கட்டணம் குறைவாகக் கொடுப்பவருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி விமானத்தோடு பிறந்ததன்று. அதற்கு நூறாண்டு முன்பே அது கப்பல் தளத்தில் சதுர அடிக் கணக்கில் பேசப்பட்டது. கடல் கடந்து பொருள் தேடிய செட்டிநாட்டு மக்களின் பயண வரலாற்றில் இவ்விரண்டு கணக்குகளையும் அடுத்தடுத்துக் காணலாம்.

கொண்டு விற்கப் போதல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், வலையபட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் வெளிநாட்டு வணிகத்துக்குப் புறப்படுவதைக் 'கொண்டு விற்கப் போதல்' என்பர். நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிங்கப்பூரிலும் பினாங்கிலும் வட்டித் தொழில் நடத்தினர். சிங்கப்பூர் டேங்க் சாலையில் உள்ள தண்டாயுதபாணி கோயிலுக்கு 1859இல் குடமுழுக்கு நடந்தது. பர்மாவின் கீழ்ப்பகுதி ஆங்கிலேயர் வசமான பின் இரங்கூன் அவர்களின் பெரிய களமாயிற்று. அங்கே நெல் விளைச்சலுக்குப் பணம் கொடுத்தவர்களில் அவர்களே முதன்மையானவர்கள்.

முதலாளி ஊரில் இருக்க, அவருடைய ஏஜெண்டு பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் வெளியூர் செல்வார். அவரோடு, அல்லது அவருக்குப் பின்னால், பெட்டியடிப் பையன்களும் அடுத்தாட்களும் சமையற்காரர்களும் போவர். பதினான்கு, பதினைந்து வயதில் கப்பலேறியவர்கள் பலர். இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் பதினெட்டு வயதில், 1938இல், இந்தோனேசியாவுக்குச் சென்றார். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்கள் அந்த வாழ்விலிருந்து வந்தவை. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் இரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தியவர். பின்னாளில் உலகம் சுற்றிய பயண எழுத்தாளராக அறியப்பட்டார்.

மலேயா செல்வோருக்கு நாகப்பட்டினமும் சென்னையும் வாசல்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை இரயில் பாதை 1860களின் தொடக்கத்திலேயே போடப்பட்டுவிட்டது. காரைக்குடிக்கு இரயில் வந்ததோ 1930ஐ ஒட்டித்தான். அதுவரை மாட்டுவண்டியிலும், பிறகு மோட்டாரிலும் திருச்சி சென்று வண்டி பிடிக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழம் கிடையாது. அது தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று ஏற வேண்டும். இடநெருக்கடி அந்தப் படகிலேயே தொடங்கிவிடும்.

டெக் டிக்கெட்

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அறைகள் சிலவே இருந்தன. மற்ற எல்லோரும் டெக் பயணிகள். சட்டத்தின் மொழியில் இவர்கள் 'படுக்கை ஒதுக்கப்படாத பயணிகள்'. அறையோ கட்டிலோ நாற்காலியோ இவர்களுக்கு இல்லை. மேல்தளத்திலும் அதற்குக் கீழுள்ள இடைத்தளத்திலும் பாயை விரித்து, தலைமாட்டில் டிரங்குப் பெட்டியை வைத்துக்கொண்டால் அதுவே ஒருவரின் வீடு. முதலில் ஏறியவருக்குக் காற்று வரும் மூலை கிடைக்கும். பின்னால் வந்தவருக்கு இயந்திர அறையின் சூடும் கழிப்பறையின் நாற்றமும்தான் மிச்சம். இரங்கூனுக்கு மூன்று நான்கு நாள், சிங்கப்பூருக்கு வழியில் பினாங்கையும் தொட்டுச் செல்ல ஏறத்தாழ ஒரு வாரம் இப்படியே கழியும்.

இந்த வழித்தடத்தில் தமிழர் நினைவில் நீண்ட காலம் நின்ற கப்பல் 'ரஜூலா'. 1926இல் கிளாஸ்கோவின் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது. எடை சுமார் 8,500 டன். இன்றைய கணக்கில் பெரிய கப்பலன்று. ஆனால் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிச்செல்ல அதற்குச் சான்றிதழ் இருந்தது. இந்த எண்ணை ஒரு முறை நின்று யோசிக்க வேண்டும். அன்றைய செட்டிநாட்டின் சில சிற்றூர்களின் மக்கள் முழுவதையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. பின்னாளில் விதிகள் இறுகியபோது இந்த எண்ணிக்கை பெரிதும் குறைக்கப்பட்டது. கப்பலின் நீள அகலம் மாறவில்லை.

ரஜூலாவின் உடன்பிறப்பான 'ரோனா'வும் 1926இல் இதே சென்னை – சிங்கப்பூர் ஓட்டத்துக்காகக் கட்டப்பட்டதே. போரில் படைகளை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலுக்கு அப்பால் ஜெர்மானிய வழிகாட்டு குண்டு தாக்கி மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் மாண்டனர்.

டெக்கில் போனவர்கள் எல்லோரும் ஏழைகள் அல்லர். தோட்டத் தொழிலாளர்களின் பயணச் செலவை 1907இல் மலேயாவில் ஏற்பட்ட குடியேற்ற நிதி ஏற்றது. அவர்களுக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே இல்லை. செட்டி வீட்டுப் பையனுக்கோ சிக்கனம் ஒரு பழக்கம். லட்சக்கணக்கில் கடன் கொடுக்கும் கடையின் ஆளும் டெக்கில் படுத்துச் செல்வதைக் குறையாக எண்ணவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இறங்கியபின் அவன் வாழப்போவதும் அப்படிப்பட்ட இடத்தில்தான். அங்கே 'கிட்டங்கி' என்ற நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, தரையில் உட்கார ஒரு பாய். பகலில் அதுவே அலுவலகம், இரவில் அதுவே படுக்கை. கப்பல் தளம் அதற்கு நல்ல ஒத்திகை.

காந்தியடிகள் 1915இல் கல்கத்தாவிலிருந்து இரங்கூனுக்கு டெக் பயணியாகவே சென்றார். அந்தக் கப்பலின் குளியலறையும் கழிப்பறையும் இருந்த நிலையைத் தம் தன்வரலாற்றில் கசப்போடு எழுதியுள்ளார். கப்பல் அதிகாரியிடம் முறையிட்டும் பயனில்லை. சக பயணிகளே உட்காரும் இடத்தை அசுத்தம் செய்ததையும் அவர் மறைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1927இல், செட்டிநாட்டில் அவர் சுற்றுப்பயணம் செய்தபோது எதிரே அமர்ந்து கேட்டவர்களில் பலர் அத்தகைய தளங்களில் படுத்துப் பழகியவர்களாகவே இருந்திருப்பர்.

இடநெருக்கடியின் இன்னொரு விளைவு தனிமைப்படுத்தல். அம்மை, காலரா அச்சத்தால் டெக் பயணிகள் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும், பினாங்கில் ஜெரஜாக் தீவிலும் இறக்கப்பட்டு முகாமில் வைக்கப்பட்டனர். அறைப் பயணிகளுக்கு இந்தக் கெடுபிடி குறைவு. ஒரே கப்பல், ஒரே காற்று, ஒரே தண்ணீர். டிக்கெட்டைப் பார்த்தே நோய் தொற்றும் என்று அதிகாரிகள் கருதினார்கள் போலும்.

ஒரு பாய்க்கு எத்தனை அடி

ஒரு மனிதனுக்குக் கப்பலில் குறைந்தது எவ்வளவு இடம் என்பதை ஆங்கிலேயர் சட்டத்தில் எழுதிய காரணம் இரக்கம் மட்டுமன்று. நெருக்கித் திணித்த கப்பல்களில் சாவு மிகுந்தது. செத்தவனால் தோட்டத்தில் வேலை செய்ய முடியாது. 1855ஆம் ஆண்டின் சீனப் பயணிகள் சட்டம் ஆளுக்கு 12 சதுர அடி பரப்பும் 72 கன அடி கொள்ளளவும் வேண்டும் என்றது. கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் இதே அளவுதான். 72ஐ 12ஆல் வகுத்தால் 6 அடி உயரம் வருகிறது. 12 சதுர அடி என்பது 6 அடி நீளம், 2 அடி அகலம். அதாவது ஒடுங்கிய ஒரு பாய். மனிதன் படுத்தால் எவ்வளவு, நின்றால் எவ்வளவு என்பதை அப்படியே சட்டமாக்கியிருக்கிறார்கள்.

வங்கக் கடலைச் சில நாளில் கடக்கும் நீராவிக் கப்பல்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே போதும் என்று விட்டுவிட்டனர். மேலும், கடல் அமைதியான பருவத்தில் கூடுதல் ஆட்களையும் புயற்பருவத்தில் குறைவானவர்களையும் ஏற்றலாம் என்ற ஏற்பாடு இருந்தது. மழையில்லாத காலத்தில் திறந்த மேல்தளத்தையும் படுக்குமிடமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா! ரஜூலாவின் ஐயாயிரம் இப்படிப்பட்ட கணக்கில் பிறந்த எண்ணே.

விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்திலும் 'படுக்கை ஒதுக்கப்படாத பயணி' என்ற சொல் தொடர்ந்தது. 1971இல் இத்தகைய பயணிகளின் பாதுகாப்புக்காகப் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்றும், 1973இல் அவர்களுக்கு உரிய இடஅளவுக்கென்றே ஒரு நெறிமுறையும் உருவாயின. அதன்பின் அவர்கள் 'தனிவகைப் போக்குவரத்துப் பயணிகள்' ஆனார்கள். பெயர் மட்டும் கௌரவமானது என்று சொல்லிவிட முடியாது; இடமும் உண்மையிலேயே கூடியது. ஆனால் அந்த நல்ல காலம் வந்தபோது கப்பல் பயணமே முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது.

ரஜூலா 1973இல் இந்தியக் கப்பல் கழகத்திடம் வந்து 'ரங்கத்' என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தது 'சிதம்பரம்'. 1966இல் 'பாஸ்தர்' என்ற பெயரில் பிரெஞ்சுக் கம்பெனிக்காகக் கட்டப்பட்ட நவீனக் கப்பல் இது. ரஜூலாவின் தளத்தில் முதுகு நோகப் படுத்தவர்களுக்கு இது சொகுசாகவே தோன்றியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் இக்கப்பல் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அதோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பல் ஓட்டம் நின்றது. அதன்பின் எல்லோரும் விமானத்தில்தான்.

அங்குலக் கணக்கு

ஏர் இந்தியா நிறுவனம் 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து இலண்டனுக்குத் தன் முதல் பன்னாட்டுச் சேவையைத் தொடங்கியது. 1950களில் சென்னை வழியே சிங்கப்பூருக்கும் பறந்தது. ஆனால் அன்று விமானம் செல்வந்தர்க்கே. ஏழு நாள் ஏழு மணி நேரமாகச் சுருங்கினாலும் அதற்கான கட்டணத்தை எண்ணிப் பார்த்தவர்கள் ரஜூலாவுக்கே திரும்பினார்கள்.

'சிக்கன வகுப்பு' முறையாகப் பிறந்தது 1958 ஏப்ரல் 1 அன்று, வட அட்லாண்டிக் வழித்தடத்தில். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் கட்டணத்தோடு இருக்கை இடைவெளியையும் 34 அங்குலம் என்று வரையறுத்தது. உணவும் எளிய குளிர்ந்த சாண்ட்விச்சாக மட்டுமே இருக்கலாம். ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் அந்தச் சாண்ட்விச்சின் மேல் இறைச்சியும் மீனும் அடுக்கித் தாராளம் காட்டியது. போட்டி நிறுவனங்கள் புகார் செய்தன. சாண்ட்விச் என்றால் என்ன என்று சங்கம் கூடி விவாதிக்க நேர்ந்தது. சிரிப்புக்குரிய செய்தியாயினும் இதில் ஓர் உண்மை உண்டு. அன்று கட்டணம் எங்கும் ஒன்றே ஆகையால், வசதியைக் காட்டித்தான் ஆளை இழுக்க முடியும். 1978இல் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. மற்ற நாடுகளும் மெல்லத் தொடர்ந்தன. போட்டி கட்டணத்துக்கு மாறியதும் இடம் சுருங்கலாயிற்று.

இங்கே 'இருக்கை இடைவெளி' என்ற சொல்லை விளக்குவது தேவை. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. அது கால் நீட்டும் இடமன்று. முன் இருக்கை முதுகின் கனமும் அதில் அடக்கம். ஆகவே 30 அங்குலம் என்று விளம்பரத்தில் கண்டால் முழங்காலுக்கு 30 அங்குலம் கிடைக்காது. உட்கார்ந்த நிலையில் ஒருவரின் பின்புறத்திலிருந்து முழங்கால் முனை வரை ஏறத்தாழ 22 முதல் 24 அங்குலம் இருக்கும். மெல்லிய முதுகு கொண்ட புதிய இருக்கைகளால் இரண்டோர் அங்குலம் மிஞ்சும் என்பது நிறுவனங்களின் வாதம். அது பொய்யன்று, ஆனால் மிஞ்சிய அங்குலத்தில் பெரும்பாலும் இன்னொரு வரிசை இருக்கை வந்துவிடுகிறது.

அகலத்தின் கதை இன்னும் தெளிவானது. 1995இல் சேவைக்கு வந்த போயிங் 777இல் பல நிறுவனங்கள் வரிசைக்கு 9 பேரை உட்கார வைத்தன. இன்று பலவற்றில் 10 பேர். போயிங் 787 வரிசைக்கு 8 பேர் என்ற எண்ணத்தோடு வடிவமைக்கப்பட்டது. பெரும்பாலான நிறுவனங்கள் 9 போட்டன. 2012இல் ஏர் இந்தியாவுக்கு வந்த 787களிலும் 9தான். விமானத்தின் உடல் அகலம் மாறவில்லை, ரஜூலாவின் நீளம் மாறாதது போல.

இப்போது இரு கணக்குகளையும் ஒரே அளவில் வைத்துப் பார்க்கலாம். 30 அங்குல இடைவெளியும் 17 அங்குல அகலமும் உள்ள இருக்கை 510 சதுர அங்குலம். ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். ஆகவே அது மூன்றரைச் சதுர அடி. 1855ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்ததோ 12. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நான்கு மணி நேரத்தையும் நான்கு வாரத்தையும் ஒப்பிடலாமா என்று மாணவர் கேட்பது நியாயமே. குளிரூட்டிய அறையில் உணவு உண்டு, படம் பார்த்துச் செல்பவரை இடைத்தளத்தில் வாந்தியெடுத்துக் கிடந்தவரோடு நிறுத்த முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: டெக் பயணி எழுந்து நடந்தான், படுத்தான், கால் நீட்டினான். உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவனுக்கு இல்லை.

உட்கார்ந்தே இருப்பதன் கேடு

அசையாமல் உட்கார்ந்திருப்பதால் கால் நாளங்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறிக்கலாம் என்பது விமானத்துக்கு முன்பே கண்டறியப்பட்டது. 1940இல் இலண்டனில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குமிடங்களில் மடக்கு நாற்காலிகளில் இரவு முழுதும் உட்கார்ந்திருந்தோரிடம் இத்தகைய மரணங்கள் மிகுந்ததை மருத்துவர் கீத் சிம்சன் எழுதினார். கட்டில்கள் போடப்பட்ட பின் அவை குறைந்தன. பிற்காலத்தில் இதே கேடு 'எக்கானமி கிளாஸ் நோய்' என்று பெயர் பெற்றது.

உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாது பயணம் செய்தால் இந்த அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. பேருந்து, இரயில், கார் எதுவானாலும் இதே நிலைதான்; ஆகவே பெயர் பொருத்தமற்றது. உடல்நலம் உள்ளவருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்பில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு இது நேரலாம். அச்சப்பட வேண்டிய எண்ணன்று. எனினும் மிக உயரமானவர்களுக்கு மட்டுமன்றி, 160 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரம் உள்ளவர்களுக்கும் அபாயம் கூடுகிறது என்று அதே ஆய்வு சொல்வது நம்மவர் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் அந்த உயரத்துக்குக் கீழேதான். கால் தரையில் முழுதும் படியாதபோது இருக்கையின் முன் விளிம்பு தொடையின் அடியை அழுத்துகிறது. கால் வைக்க ஒரு பை, அவ்வப்போது எழுந்து நடப்பது, கணுக்காலைச் சுழற்றுவது ஆகியவை செலவில்லாத வழிகள்.

செட்டிநாட்டிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் செல்வோர் இன்று திருச்சியில் விமானம் ஏறுகின்றனர். 28 முதல் 30 அங்குல இடைவெளியுள்ள சிறிய விமானங்களில் பயணம் நான்கு மணி நேர அளவு; அந்த ஆய்வின் எல்லைக்கோட்டில் இருக்கிறது. மகளின் பேறுகாலத்துக்குச் செல்லும் ஆச்சிமார் பலரும் அவற்றில் உண்டு.

சட்டம் எதை அளக்கிறது

1985 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்தில், புறப்பட இருந்த விமானம் தீப்பிடித்து 55 பேர் மாண்டனர். 'சிதம்பரம்' எரிந்த அதே ஆண்டு. பலர் இருக்கைகளுக்கிடையே நெருக்குண்டு வெளியேற முடியாமல் புகையில் இறந்தனர். இதன் தொடர்ச்சியாக 1989இல் பிரிட்டன் ஒரு விதி செய்தது: இருக்கையின் முதுகுப் பகுதிக்கும் முன் இருக்கைக்கும் இடையே குறைந்தது 26 அங்குலம் இருக்க வேண்டும். இருக்கை இடத்துக்கு ஒரு நாடு எண் குறித்த அரிய நிகழ்ச்சி இது. நோக்கம் சௌகரியமன்று; தப்பி ஓடுவது.

அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று வழக்குத் தொடர, 2017 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விமானத்துறை நிர்வாகத்தை மறுபடி ஆராயச் சொன்னது. சுருங்கிக்கொண்டே வரும் விமான இருக்கை பற்றிய வழக்கு இது என்று தீர்ப்பிலேயே நீதிபதி வேடிக்கையாகக் குறிப்பிட்டார். 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் குறைந்தபட்ச அளவை வகுக்கச் சட்டம் இயற்றியது. தொடர்ந்து ஓக்லஹாமா நகரில் எழுநூறுக்கும் மேற்பட்டோரை மாதிரி விமானத்தில் உட்கார வைத்து, வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்று சோதித்தனர். விமானத்தில் உள்ளோர் அனைவரும் 90 நொடியில் வெளியேற வேண்டும் என்பது அடிப்படை விதி. இருக்கை இடைவெளி வெளியேறும் வேகத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பது சோதனையின் முடிவு.

சோதனையில் கலந்துகொண்டோர் 18 முதல் 60 வயது வரையுள்ள, உடல் ஊனமில்லாதவர்கள் மட்டுமே. குழந்தையைக் கையில் வைத்திருந்தவர்களோ, ஊன்றுகோல் பிடித்தவர்களோ, திருச்சி விமானத்தில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் ஆச்சியைப் போன்றவர்களோ அதில் இல்லை. 2022இல் பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டபோது பல்லாயிரம் பேர் எழுதினர். 2023இல் மீண்டும் நீதிமன்றம் சென்ற அமைப்பின் மனு தள்ளுபடியானது.